ஒதுக்கியது எவ்வளவு என்று கேட்காதீர்கள், செலவானது எவ்வளவு என்று கேளுங்கள்

மாநில அரசு வருமானத்துக்கு மீறிச் செலவு செய்கிறதே, இதைக் கட்டுப்படுத்த வழியே இல்லையா, பட்ஜெட்டை இன்னும் வெளிப்படையாக வெளியிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக ஒரு வரி: "என்னைப் போன்ற ஒருவன் எந்தத் தாளைப் பார்த்து, யாரிடம், என்ன கேட்பது?" நீங்கள் உண்மையில் கேட்டது அந்தக் கடைசி வரிதான் என்று எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்ளேயே வந்துவிடும்.

நான் மாவட்டக் கருவூலத்தில் கணக்கராகச் சேர்ந்து, பிறகு ஒரு துறையின் தலைமை அலுவலகக் கணக்குப் பிரிவில் ஓய்வுபெறும் வரை இருந்தவன். கொள்கை வகுக்கும் மேசையில் உட்கார்ந்ததில்லை. எந்தத் திட்டம் வேண்டும், எது வேண்டாம் என்பதில் என் கருத்துக்கு உங்கள் கருத்தைவிட எடை அதிகம் கிடையாது. பணம் எந்த வழியாக வெளியே போகிறது, எந்த இடத்தில் கண்ணில் படாமல் போகிறது என்பதைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். அதையே சொல்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். ஆவணம் இல்லாததால் வெளிப்படைத்தன்மை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அது சரியல்ல. நிதித்துறையின் இணையதளத்தில் நிதியமைச்சரின் உரை, ஆண்டு நிதிநிலை அறிக்கை, ஒவ்வொரு துறைக்குமான மானியக் கோரிக்கைத் தொகுதி (அந்தத் துறை பேரவையிடம் கேட்கும் பணத்தின் விவரம்), நடுத்தர கால நிதித் திட்டம் எல்லாம் கிடைக்கும். துறைவாரியான கொள்கை விளக்கக் குறிப்புகளும் பொதுவெளியில் உண்டு. எல்லாம் சேர்த்தால் பல ஆயிரம் பக்கம். குறை எங்கே என்றால், எல்லோரும் வாசிப்பது உரையை மட்டும். உரையில் இருப்பது இனி செலவு செய்யப்போகும் தொகை. செய்து முடித்த செலவு உரையில் இருக்காது, தொகுதிகளின் உள்ளே எண்கள் நிற்கும் ஒரு பத்தியில், அதாவது நெடுவரிசையில், இருக்கும்.

பெரிய எண்களை ஒருமுறை பார்த்துவிடலாம், பேச்சுக்கு அடிப்படை வேண்டும். 2025 மார்ச் 14 அன்று வைக்கப்பட்ட 2025-26 நிதிநிலை அறிக்கையில் மாநிலத்தின் வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய், வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. இடையில் விழும் 41,635 கோடிதான் வருவாய்ப் பற்றாக்குறை. நிதிப் பற்றாக்குறை, அதாவது ஏறக்குறைய அந்த ஆண்டு கடனால் நிரப்ப வேண்டிய தொகை, 1,06,963 கோடி. இரண்டையும் வகுத்துப் பாருங்கள்: கடன் வாங்கும் 100 ரூபாயில் சுமார் 39 ரூபாய் பாலத்துக்கோ பள்ளிக் கட்டடத்துக்கோ போகவில்லை, அன்றாடச் செலவின் பள்ளத்தை நிரப்பப் போகிறது. வரும் வருவாயில் 100-க்கு 21 ரூபாய் போல வட்டிக்கே போய்விடுகிறது. சம்பளமும் ஓய்வூதியமும் அதோடு சேர்ந்தால் பாதியைத் தாண்டிவிடும். ஆகவே "செலவைக் கட்டுப்படுத்து" என்று ஏப்ரல் மாதம் நிதிச் செயலாளருக்கு உத்தரவு போட்டால்கூட அவர் கை வைக்கக்கூடிய பகுதி சிறியதுதான். அவசரத்தில் கை வைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது மூலதனச் செலவு, ஏனென்றால் கட்டாத பாலம் போராட்டம் நடத்தாது. கட்டுப்பாடு என்ற பெயரில் நடக்கும் மிக மோசமான காரியம் இதுதான் என்பது என் கருத்து.

சட்டப்படி கட்டுப்படுத்தும் அதிகாரம் சட்டப்பேரவைக்கு. அரசமைப்பின் 202-ஆம் பிரிவுப்படி நிதிநிலை அறிக்கை பேரவையில் வைக்கப்பட வேண்டும். 203-இன்படி மானியக் கோரிக்கைகளுக்குப் பேரவை வாக்களிக்க வேண்டும். 204-இன்படி நிதி ஒதுக்கச் சட்டம் வந்த பிறகே அரசின் வரவெல்லாம் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயாவது எடுக்க முடியும். வட்டி, உயர் நீதிமன்றச் செலவு போன்றவை வாக்கெடுப்பு இல்லாமலே நிதியின்மேல் சுமத்தப்பட்டவை. இது காகிதத்தில் மிகவும் பலமான ஏற்பாடு. நடப்பில், ஒரு துறையின் பல ஆயிரம் கோடி ரூபாய்க் கோரிக்கை ஒரு நாள் விவாதத்தில், சில நேரம் அரை நாளில், முடிந்துவிடுகிறது. அந்த விவாதத்திலும் உறுப்பினர்கள் தங்கள் சட்டமன்றத் தொகுதிக்குப் பாலம் கேட்பார்கள், கல்லூரி கேட்பார்கள். போன ஆண்டு இந்தத் தலைப்பில் ஏன் செலவாகவில்லை என்று கேட்பவர் அரிது. கேரளத்தில் 1980 முதல் துறைவாரியான பொருள் குழுக்கள் இருக்கின்றன. மானியக் கோரிக்கைகள் வாக்கெடுப்புக்கு முன்பு அந்தக் குழுக்களின் கைக்குப் போகும். நாடாளுமன்றத்திலும் 1993 முதல் துறைசார் நிலைக்குழுக்கள் கோரிக்கைகளைப் பார்க்கின்றன. நம் பேரவையில் பொதுக் கணக்குக் குழுவும் மதிப்பீட்டுக் குழுவும் நல்ல வேலை செய்கின்றன. ஆனால் பொதுக் கணக்குக் குழு பார்ப்பது பணம் போய்ச் சில ஆண்டுகள் ஆன பிறகு.

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். ஏதாவது ஒரு துறையின் மானியக் கோரிக்கைத் தொகுதியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு செலவு இனத்தின் வரிக்கும் நான்கு பத்தி இருக்கும். 2025-26 தொகுதி என்றால் முதல் பத்தி 2023-24 கணக்கு, அதாவது மெய்யாகச் செலவான தொகை. இரண்டாவது 2024-25-க்கு முதலில் கேட்ட மதிப்பீடு. மூன்றாவது அதே ஆண்டின் திருத்த மதிப்பீடு. நான்காவது 2025-26-க்குக் கேட்பது. செய்தித்தாள் எழுதுவது நான்காவது பத்தியை. நீங்கள் படிக்க வேண்டியது முதலாவதை. அந்த முதல் பத்தியை எடுத்து, இரண்டு ஆண்டுக்கு முந்தைய தொகுதியில் அதே வரிக்கு என்ன கேட்டிருந்தார்கள் என்று பக்கத்தில் வைத்தால் போதும். 100 கேட்டு 40 செலவு செய்த வரி எது, 100 கேட்டு 180 செலவு செய்த வரி எது என்று தெரிந்துவிடும். இதைச் செய்யப் பொருளியல் பட்டம் வேண்டாம். இரண்டு தொகுதியும் ஒரு மதியப் பொழுதும் போதும்.

வரிகளின் முன்னால் இருக்கும் எண்களைக் கண்டு பயப்பட வேண்டாம். நான்கு இலக்கத் தலைப்பு எண் நாடு முழுக்க ஒன்றுதான். 2 அல்லது 3-இல் தொடங்கினால் வருவாய்ச் செலவு, 4 அல்லது 5 என்றால் மூலதனச் செலவு, 6 அல்லது 7 என்றால் அரசு கொடுக்கும் கடன், 8 என்றால் பொதுக் கணக்கு (சேமநிதி, வைப்புத்தொகை போல அரசு பிறருக்காக வைத்திருக்கும் பணம்). 2202 பொதுக் கல்வி, 2210 மருத்துவமும் பொதுச் சுகாதாரமும், 2071 ஓய்வூதியம், 2049 வட்டி. 3054 சாலைப் பராமரிப்பு, 5054 புதுச் சாலையும் பாலமும். இதற்குக் கீழே மூன்று இலக்கச் சிறு தலைப்பு வரும். அதில் 789 என்றால் பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறு, 796 என்றால் பழங்குடியினருக்கான துணைத் திட்டம். 800 என்ற எண்ணைப் பார்த்தால் பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அது "பிற செலவுகள்". வேறு எந்தச் சிறு தலைப்பிலும் பொருந்தாததை வைக்க ஏற்பட்ட இடம். பல மாநிலங்களில் பெரிய பெரிய தொகைகள் அங்கே போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஒரு தொகை 800-க்குள் போய்விட்டால் அது எதற்கானது என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கைகள் ஆண்டுக்காண்டு சொல்லிவரும் குறைகளில் இதுவும் ஒன்று.

"கணக்கு" என்ற முதல் பத்தியையும் முழுக்க நம்பிவிடக் கூடாது. ஏன் என்பதற்கு நானே கண்டது ஒன்று. கருவூலத்தில் இருந்தபோது ஒரு மார்ச் 31. அப்போதெல்லாம் பணம் கேட்கும் பட்டியல்கள் (பில்கள்) காகிதத்தில்தான் வரும். இரவு பதினொன்றரை மணிக்கும் மேசைமேல் கட்டுக் கட்டாகப் பட்டியல்கள். வெளியே துறை ஊழியர்கள் டோக்கன் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்கள். மாணவர் விடுதிக் கட்டடத்துக்கான ஒரு பெரிய தொகைப் பட்டியல் என் கைக்கு வந்தது. ஒப்பளிப்பு ஆணை இருந்தது, கையெழுத்து இருந்தது, தலைப்பு சரி, ஒதுக்கீட்டில் இருப்பும் இருந்தது. தடை எழுப்ப ஒரு காரணமும் இல்லை, நிறைவேற்றினேன். சில ஆண்டுகள் கழித்து வேறொரு வேலையாக அந்த அலுவலகத்துக்குப் போனபோதுதான் விவரம் தெரிந்தது. கட்டடத்துக்கு அன்றுவரை நிலமே அடையாளம் காணவில்லை. பணம் ஒரு வங்கிச் சேமிப்புக் கணக்கில் அப்படியே இருந்தது. ஒருவரும் திருடவில்லை. மார்ச் 31-க்குள் எடுக்காவிட்டால் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும், அடுத்த ஆண்டு குறைத்துக் கொடுப்பார்கள் என்ற பயத்தில் எடுத்து வைத்துவிட்டார்கள். அரசுக் கணக்கில் அது மூலதனச் செலவு. பேரவைக்குப் போன தாளில் விடுதி கட்டியாகிவிட்டது போலத்தான் இருந்திருக்கும். அந்த மாணவர்கள் வாடகைக் கட்டடத்தில் ஒரே அறைக்குள் நெருக்கிப் படுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பட்டியலில் என் சுருக்கொப்பமும் இருக்கிறது என்பது இன்றும் மனதை உறுத்துகிறது.

கணினிமயம் வந்த பிறகு வரிசையும் டோக்கனும் போய்விட்டன. பயம் போகவில்லை. மத்திய அரசு தன் துறைகளுக்குக் கடைசிக் காலாண்டில் ஒதுக்கீட்டின் 33 விழுக்காட்டுக்கு மேலும், மார்ச்சில் 15 விழுக்காட்டுக்கு மேலும் செலவு செய்யக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. வரம்பு உதவும், ஆனால் அதைவிட முக்கியம், எடுத்த பணம் எடுத்த காரியத்துக்குப் போனதா என்று காட்டும் பயனீட்டுச் சான்று. பிகாரில் 2024 மார்ச் 31 நிலவரப்படி சுமார் 70 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பயனீட்டுச் சான்றுகள் வரவில்லை என்று சி.ஏ.ஜி. எழுதியது. அதைப் பார்த்து அத்தனையும் ஊழல் என்று முடிவு கட்டிவிட முடியாது. அந்தப் பணம் என்ன ஆனது என்பதற்குச் சான்று இல்லை, அவ்வளவுதான் உறுதி. என் விடுதிப் பட்டியலைப் போலப் பாதி வங்கியில் தூங்கிக்கொண்டும் இருக்கலாம்.

ஒதுக்கீட்டுக்கு மேல் எடுப்பது வேறு கதை, அது இன்னும் ஆபத்து. பிகாரின் கால்நடைத் தீவன ஊழல் 1996-இல் வெளிவந்தது. இல்லாத தீவனத்துக்கும் மருந்துக்கும் போலிப் பட்டியல் வைத்து சாய்பாசா போன்ற இடங்களின் கருவூலங்களில் ஆண்டுக்கணக்கில் பணம் எடுத்தார்கள். துறைக்கு ஒதுக்கியதைவிட எடுத்தது அதிகம் என்பது கணக்குப் புத்தகத்திலேயே தெரிந்த விஷயம். மிகைச் செலவு என்றால் 205-ஆம் பிரிவுப்படி பேரவையில் வைத்து முறைப்படுத்தியாக வேண்டும். அந்தச் சடங்கை அக்கறையோடு ஆண்டுதோறும் செய்திருந்தால், ஒரே துறை ஏன் மீண்டும் மீண்டும் மிஞ்சுகிறது என்ற கேள்வி முன்பே எழுந்திருக்கும். எந்த மாநிலமாக இருந்தாலும் முறைப்படுத்தாத மிகைச் செலவுகளின் பட்டியல் சி.ஏ.ஜி.யின் மாநில நிதி அறிக்கையில் இருக்கும். நான் முதலில் புரட்டும் பக்கம் அது.

துணை மானியக் கோரிக்கையையும் கவனியுங்கள். ஆண்டின் நடுவில் கூடுதல் பணம் கேட்டு வருவது. நியாயமான காரணங்கள் உண்டு: வெள்ளம், நீதிமன்றத் தீர்ப்பு, அகவிலைப்படி உயர்வு. ஆனால் பல இனங்களில் ஆயிரம் ரூபாய் மட்டும் கேட்டிருப்பார்கள். அதைப் பார்த்துச் சிறிய தொகை என்று தாண்டிப் போய்விடாதீர்கள். புதுப்பணி ஒன்றைத் தொடங்கப் பேரவையின் அனுமதி வேண்டும், பணம் அதே கோரிக்கையின் வேறு தலைப்பில் மிச்சமாகும் என்றால், பெயரளவுக்கு ஆயிரம் ரூபாய் கேட்டு அனுமதி வாங்கிவிடலாம். முறை சட்டப்படி சரி. அந்த ஆயிரத்துக்குப் பின்னால் பல கோடி இருக்கலாம் என்பதைப் படிப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொரு வகை: முதலில் ஒதுக்கியதே செலவாகாமல் இருக்க, அதே தலைப்பில் துணை மானியமும் கேட்டு, மார்ச்சில் இரண்டையும் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பது. சி.ஏ.ஜி.யின் ஒதுக்கீட்டுக் கணக்குகளில் இந்த வகை ஆண்டுதோறும் கிடைக்கும். திட்டமிடத் தெரியாத துறை எது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கும் கடனைச் சொல்லாமல் விட முடியாது. அரசு நிறுவனம் கடன் வாங்கும், அரசு உத்தரவாதம் கொடுக்கும், கடைசியில் கட்டுவது கருவூலம். 2017-இல், மின்பகிர்மான நிறுவனங்களின் கடனைச் சீரமைக்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தபோது மின்பகிர்மானக் கழகத்தின் 22,815 கோடி ரூபாய்க் கடன் அரசின் தலைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் பட்ஜெட்டை எவ்வளவு கவனமாகப் படித்தவருக்கும் அந்தத் தொகை அரசின் கடன் பட்டியலில் கிடைத்திருக்காது. 2022-இல் இருந்து மத்திய அரசு இப்படிப்பட்ட கடன்களையும் மாநிலத்தின் கடன் வரம்புக்குள் சேர்த்துக் கணக்கிடுகிறது. இது மாநிலங்கள் கடன் வாங்குவதைப் பற்றிய அரசமைப்பின் 293-ஆம் பிரிவுக்குப் பொருந்துமா என்று கேரளம் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரலில் அந்தக் கேள்வி ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. மாநிலத்தின் உரிமை எங்கே முடிகிறது என்பதில் இரு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது, நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்தக் கடன் எவ்வளவு என்று மக்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு கருத்து இருக்க முடியாது.

இதுவரை சொன்னவை தாளில் சரிபார்க்கக் கூடியவை. இனி வருவது அவ்வளவு உறுதியில்லாதது. நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் செலவைக் கட்டுப்படுத்துமா? கர்நாடகம் 2002-இல் கொண்டுவந்தது, தமிழ்நாடு 2003-இல். வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிப்பது சட்டத்தின் இலக்கு. 2013-14 முதல் ஒவ்வோர் ஆண்டும் நமக்கு வருவாய்ப் பற்றாக்குறைதான், சட்டமோ பலமுறை திருத்தப்பட்டு இலக்கு ஆண்டு தள்ளிப்போனது. சட்டம் இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும் என்று வாதிடுபவர்கள் உண்டு. இருக்கலாம், நிரூபிப்பது கடினம். வெளிப்படைத்தன்மை கடனைக் குறைக்குமா? 2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். கடன் 5.70 லட்சம் கோடி, ஒரு குடும்பத்துக்கு 2.63 லட்சம் ரூபாய் என்று ஒளிக்காமல் சொன்னது அந்த அறிக்கை. 2025-26 முடிவில் நிலுவைக் கடன் 9,29,959 கோடியாக இருக்கும் என்பது அரசே கொடுத்த மதிப்பீடு. மாநில உற்பத்தியோடு ஒப்பிட்டால் அது 26.07 விழுக்காடு, ஆகவே தொகையை மட்டும் பார்த்துப் பதறுவதும் சரியல்ல. உண்மையைச் சொன்னதாலேயே கடன் குறைந்துவிடவில்லை. ஆனால் அன்று முதல் கடனைப் பற்றிப் பேசுகிற எல்லோர் கையிலும் ஒரே எண் இருந்தது. அது சின்ன விஷயமில்லை.

என்னைக் கேட்டால், செலவைக் கட்டுப்படுத்தும் இடம் பணம் வெளியே போகிற கருவூல வாசல் அல்ல. வாக்குறுதி அரசாணையாகும் நேரம்தான் அந்த இடம். புதுத் திட்டம் ஒன்று அறிவிக்கும்போது முதல் ஆண்டுச் செலவு மட்டும் சொல்லப்படுகிறது. திட்டம் ஜூலையில் தொடங்கினால் அதுவும் முழு ஆண்டுச் செலவு அல்ல. அடுத்த ஐந்து ஆண்டுக்கு என்ன ஆகும், எந்த வரவிலிருந்து என்று ஒரு பக்கம் அரசாணையோடு இணைக்கச் சொன்னால், எந்தத் திட்டத்தையும் நிறுத்தாமலே பாதி வேலை முடியும். அடுத்தது, துறைவாரியான மெய்ச்செலவை மாதாமாதம் வெளியிடுவது. மாநில அளவிலான மாதக் கணக்கு இப்போதே சி.ஏ.ஜி. இணையதளத்தில் வருகிறது, பட்ஜெட்டில் எத்தனை விழுக்காடு செலவானது என்பதுவரை. அதே விவரம் திட்டவாரியாகக் கருவூலக் கணினியிலும் இருக்கிறது. வெளியே விட ஒரு முடிவு போதும். 2019 செப்டம்பரில் ராஜஸ்தான் தொடங்கிய ஜன் சூச்னா தளத்தில் ஊராட்சிப் பெயரைத் தட்டினால் ரேஷன், ஓய்வூதியம் யாருக்குப் போகிறது என்று பார்க்கலாம், யாரும் மனு எழுத வேண்டியதில்லை. தணிக்கை அறிக்கையைப் பேரவையில் வைக்க ஒரு காலக்கெடுவும் வேண்டும். அரசமைப்பின் 151-ஆம் பிரிவு வைக்கச் சொல்கிறதே தவிர எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. டெல்லி முழு மாநிலம் இல்லை என்றாலும் அங்கே நடந்தது பாடம்: 14 அறிக்கைகள் வைக்கப்படாமல் கிடந்து, 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கண்டித்து, தேர்தல் முடிந்து ஆட்சி மாறிய பிறகே அவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

இனி உங்கள் கடைசி வரி. உங்கள் ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: பாதியில் நிற்கும் ஆரம்ப சுகாதார நிலையம், அறிவித்து வராத பாலம், எதுவானாலும். அதன் துறை, கணக்குத் தலைப்பு இரண்டையும் மானியக் கோரிக்கைத் தொகுதியில் தேடி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. "ஏன் கட்டவில்லை" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல, விளக்கம் என்று திருப்பிவிடுவார்கள். தாளைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்: "இன்ன பணிக்கு, இன்ன கணக்குத் தலைப்பில், இன்ன அரசாணையின்படி ஒப்பளிக்கப்பட்ட தொகை, ஒவ்வொரு நிதியாண்டிலும் கருவூலத்திலிருந்து எடுக்கப்பட்ட தொகையும் தேதியும், அது செலுத்தப்பட்ட வங்கிக் கணக்கில் இன்றைய இருப்பு, அனுப்பப்பட்ட பயனீட்டுச் சான்றுகளின் நகல்கள் ஆகியவற்றை வழங்கவும்." 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எடுக்கப்பட்ட தேதி மார்ச் கடைசி வாரமாக இருந்து, வங்கி இருப்பு ஏறக்குறைய முழுத் தொகையாகவே இருந்தால், அந்தப் பதிலை உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் அவர் கேட்பதற்கு ஒரு கேள்வி அதில் இருக்கிறது.